ஜெபித்துப் பூட்டிய ஆயில் பில்டர்

எங்கள் ஒரே மகளைத் தன்னுடைய பழைய அம்பாசிடரில்தான் கல்யாணத்துக்குக் கோயிலுக்கு அழைத்துப் போவேன் என்று என் கணவருக்குப் பிடிவாதம். பிறந்த குழந்தையாக அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததும் அதே காரில்தான். அந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கார் நின்ற இடமெல்லாம் ஆயில் சொட்டும். எங்கள் சபையாரோ அப்போதுதான் கோயில் முற்றத்துக்கு வெளிர்நிற டைல்ஸ் பதித்திருந்தார்கள். சொட்டுகிற வண்டி கேட்டுக்கு உள்ளே வரக் கூடாது என்று கமிட்டிச் செயலாளர் எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஆயில் பில்டர். பழைய எஞ்சினில் அது ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். மாற்றும்போதெல்லாம் ஒரு சட்டை பாழ். இப்போது எஞ்சினுக்கும் பில்டருக்கும் இடையில் ஒரு தட்டைப் பொருத்தினால், புதிய கார்களில் இருப்பது போன்ற டப்பா பில்டரைக் கையாலேயே திருகிவிடலாமாம். பாறசாலையில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் சபை மெக்கானிக் வீட்டுக்கு வந்து அதைப் பொருத்தினார். அதோடு விட்டிருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் எது புதிதாக வந்தாலும் ஜெபித்துவிட்டுத்தான் தொடங்குவோம். கிணற்று மோட்டாருக்கு ஜெபித்திருக்கிறோம், ஃப்ரிட்ஜுக்கு ஜெபித்திருக்கிறோம். என் கணவர் பில்டருக்கும் போதகரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் போனட்டின் மேல் கை வைத்து ஜெபித்தார். மெக்கானிக் கண்ணை மூடி ஆமென் சொன்னார். நான் எல்லாருக்கும் பழ அப்பம் கொடுத்தேன். போதகர் போனதும் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். தட்டின் விளிம்பில் ஆயில் கசிந்து, முன்னைவிட நன்றாகவே ஒழுகியது.

"தட்டக் களத்திப் பாரு மக்கா," என்றார் கணவர்.

"ஜெபிச்சு வச்ச சாதனத்த நான் எப்பிடி சாறே களத்துவேன்? ஜெபம் பலிக்கல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமே," என்றார் மெக்கானிக்.

ஆகவே வைத்தியம் முழுக்க வெளியே நடந்தது. விளிம்பைச் சுற்றிப் பசை பூசினார்கள். பசைக்கு மேல் துணி சுற்றினார்கள். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் என் கணவர் களியக்காவிளை மருந்துக்கடையில் ஒரு கட்டு டயப்பர் வாங்கி வந்து பில்டருக்குக் கட்டிவிட்டார். கடையில் பார்த்த யாரோ சொல்லி, மறுநாளே மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தாள். கல்யாணம் முடியாத வீட்டில் டயப்பர் எதற்கு என்று சுற்றி வளைத்துக் கேட்டாள். காருக்கு என்று சொன்னேன்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மெக்கானிக்கைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு போதகரை ஸ்பீக்கரில் அழைத்தேன்.

"நீங்க ஜெபிச்சது வண்டிக்கா, பில்டருக்கா?"

போதகர் யோசித்தார். "வண்டிக்காக்கும் ஜெபிச்சேன். பில்டர் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார்.

அது கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். தட்டைக் கழற்றி, அதற்கு அடியில் இருந்த புதிய ரப்பர் வளையத்தையும் எடுத்துப் பார்த்தார். எஞ்சினில் வளையம் உட்காரும் பள்ளம் கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. அப்போது என் மகள் மருதாணிக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் நெய்யாற்றின்கரையில் பல் டாக்டர். உள்ளே போய்த் தன்னுடைய கொக்கிக் கம்பியை எடுத்து வந்து பள்ளத்தைச் சுரண்டினாள்.

"அப்பா, இது இரும்பில்ல. ஈறுக்கடியில பல்லுக்காறை இறுகிக் கெடக்க மாதிரியாக்கும்."

பழைய ரப்பர் வளையம் கல்லாக இறுகி அங்கேயே இருந்திருக்கிறது. புதியது அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பிறகு எப்படி அடைக்கும்? அவள் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்தாள். டார்ச் பிடித்திருந்த மெக்கானிக், எஞ்சினுக்கு வலிக்கும் என்பதுபோல முகத்தைச் சுளித்தார். பள்ளத்தைத் துடைத்துப் புதிய வளையத்தை வைத்துப் பூட்டியதும் கசிவு நின்றது. ஆனாலும் செயலாளர் நம்பவில்லை. நேரில் பார்த்துத்தான் சொல்வாராம்.

கல்யாணத்தன்று கணவர் காரைக் கோயில் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். செயலாளர் குனிந்தார். அவர் பின்னால் கமிட்டி முழுவதும் குனிந்தது. சொந்தக்காரர்கள் குனிந்தார்கள், போட்டோக்காரர் குனிந்தார். மாப்பிள்ளைகூட கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் பார்த்தார். வெள்ளைப் புடவையும் பூச்செண்டுமாக என் மகள் இறங்கி நிற்கிறாள், அவளைப் பார்க்க ஆள் இல்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"கேட்டியளா, நம்ம பிள்ளைய ஒருத்தரும் பாக்கல்லியே," என்று கணவரிடம் திரும்பினேன்.

"டைல்ஸ் காஞ்சுதான் கெடக்கு," என்று கீழேயிருந்து யாரோ சொன்னார்கள்.

அது கணவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் மட்டும் குனியவில்லை. கதவைப் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் அழுதுவிட்டேன்.