நான் மலையை விட்டு இறங்காத காரணம்

எனக்கு எண்பத்திரண்டு வயது. வளர்த்து ஆளாக்கியது நான்கு பிள்ளைகளை. யாரிடமும் கைநீட்டி வளர்க்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்கான வரிசை வீட்டில், இருந்தோம். மலைக்குக் கேரளம் என்று புதுப்பெயர் வந்த வருடம், காய்ச்சலில் என் வீட்டுக்காரர் போனார். போடியில் துக்கம் கழிந்ததும் பிள்ளைகளோடு லயத்துக்கே திரும்பி, களையெடுத்தேன், காய் எடுத்தேன்.

போடியில் கடை வைத்திருந்த கொழுந்தனுக்குக் கதை எழுதும் பழக்கம் உண்டு. அடுத்த மழைக்காலத்தில் ஜீப்பில் வந்து இறங்கினார், கையில் வாரப் பத்திரிகை. தன் கதையை லயத்து வாசலில் நின்று தானே வாசித்தார். மலையில் ஒரு கைம்பெண், புருஷனின் கம்பளியைக் கட்டிக்கொண்டு பாதையைப் பார்த்து அழுகிறாள். டவுனில் கரண்டு விளக்கு இருக்கிறது, வா என்றாலும் வர மறுக்கிறாள். செத்த காலத்தை விடமாட்டாளாம்.

பக்கத்து வீட்டுக்காரி என் தோளைப் பார்த்தாள். “ஏ ஆத்தா, இது எஸ்டேட்டுல குடுத்த கம்பளில்ல? எங்கிட்டயும் ஒண்ணு கெடக்கு. நானும் அழுகணுமா?”

“கதைன்னா அப்பிடித்தான்,” என்றார் கொழுந்தன். “மதினி, படிச்சவுகள்லாம் கண் கலங்கிட்டாக. ஒங்கள இப்பிடியே விட்டா ஊரு என்னையத்தான் ஏசும். ஜீப்பு நிக்குது. நீங்க வரலேன்னா பிள்ளைகளையாச்சும் அனுப்புங்க.”

பிள்ளைகளைப் பறிக்கவா கதை எழுதினார்? துக்கத்துக்கு அவர் வீட்டில் இருந்தபோதே ஆட்டுக்கல் என் பக்கம் வந்துவிட்டது. சோறு எல்லோரும் தின்ற பிறகு வந்தது, மிச்சம் இருந்தால்.

“ஏந் தம்பி, ஒங்க கதையில அந்த டவுன் வீட்டுல மாவாட்டுறது யாரு?”

“அதெல்லாம் கதைக்கு எதுக்கு மதினி?”

“எனக்கு அதான் கதை. பிள்ளைக எங்கூடத்தான் இருக்கும். லோடு இல்லாத ஜீப்பு வெரசாப் போகும், கெளம்புங்க.”

போனார். பல வருடம் பேசவில்லை.

பழசைப் பிடித்துத் தொங்கினேனாம். உழைத்த கூலி என் கையிலேயே வந்தது அந்த மலையில்தான். இன்றைக்கு என்ன பொங்குவது என்று நானே முடிவு செய்ததும் அங்கேதான். என் ஆத்தாளுக்குக் கிடைக்காத புதுசு அது. கரண்டு விளக்கு வெளிச்சத்தில் ஆட்டினாலும் அடுத்தவர் வீட்டு ஆட்டுக்கல் ஆட்டுக்கல்தான்.

அவர் சொன்னது அச்சில் ஏறிவிட்டது. நான் சொன்னதும் எங்காவது இருக்கட்டும். சரி கண்ணு, முதலிலிருந்து வாசி. நிதானமாக வாசி. நீயாக எதையாவது சேர்த்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.