சந்தனப் பொட்டு வைத்த ஆறு பிளாப்பிகள்

பேய், பிசாசு, முனி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் கம்ப்யூட்டர் வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினோம். மீதிப் பேர் சளி பிடித்தவர்களைக் கடைக்குள் விடவில்லை. நான் வாசலில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதிப் போட்டதோடு, வாரம் ஒருமுறை மானிட்டருக்குச் சாம்பிராணியும் காட்டினேன். அப்படிப்பட்ட அறிவாளி சொல்லும் சங்கதி இது, அதற்குத் தக்கபடி நம்புங்கள்.

என் கடைக்குத் தினமும் வந்தவர் கம்பவுண்டர் சுப்பராஜா. கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம்ம ஊர் வெள்ளை நாய்களின் வம்சத்தை எழுதிவைப்பதுதான் அவருக்கு உயிர். இருபது வருஷமாக சைக்கிளில் ஊர் ஊராகப் போய் எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன் என்று கேட்டு எழுதியவர். வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்த்து, திரும்புகிறதா என்று அதையும் குறித்துக்கொள்வார். அத்தனை நோட்டுகளையும் என் கடையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் டைப் அடித்தார். தளவாய்புரத்துக்கு ஒரு போல்டர், மகாராஜபுரத்துக்கு ஒன்று, வ. புதுப்பட்டிக்கு ஒன்று என்று பதினோரு ஊருக்குப் பதினோரு போல்டர். அடித்து முடித்த சமயம் பார்த்து நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. ஆக, இருபது வருஷ உழைப்பு என் ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து நாய் வளர்ப்புச் சங்கத்தார் அதைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

“அவிய பாத்து ஒத்துக்கிட்டா நம்ம நாய்க்கு ஒரு பேரு வந்துரும் தம்பி. அதுக்குப் பொறவு எவனும் தெருநாய்னு சொல்ல ஏலாது” என்பார்.

அந்த வாரம்தான் ஸ்கிரீனில் ஒரு பந்து குதிக்க ஆரம்பித்தது. சின்னப் பந்து, சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு எழுத்துகளுக்கு நடுவே ஓடியது. வைரஸ். செருப்பைத் தேடினேன், எல்லாம் வெளியேதான் கிடந்தன. டிஸ்கை பார்மட் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். இங்கே நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டும்: முதலில் பதினோரு போல்டரையும் ஆறு பிளாப்பிகளில் காப்பி எடுத்து வைத்தேன். ஊரில் வேறெவன் அந்தக் காலத்தில் காப்பி எடுத்தான், சொல்லுங்கள்.

மறுநாள் ஆயுத பூஜை. மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். பிளாப்பிகளும் ஆயுதம்தானே. உறை போட்டபடி சாமி முன்னால் வைப்பது மரியாதை இல்லை என்று உறையைக் கழற்றினேன். பெரிய சதுர பிளாப்பி அது. அதன் நடுவே ஒரு வட்ட ஓட்டை, அதற்குக் கீழே உள்ளிருக்கும் பழுப்புத் தகடு தெரிகிற மாதிரி நீளமாக ஒரு திறப்பு. பொட்டு வைப்பதற்கென்றே செய்த நெற்றி மாதிரி இருந்தது. ஆறு நெற்றிக்கும் குழைத்த சந்தனம், மேலே குங்குமம். பார்க்கவே கண் நிறைந்தது.

பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இது வேலை இல்லை தாயே, சுத்தம் செய்வதுதான் என்று சரஸ்வதியிடம் சொல்லிவிட்டு பார்மட் கொடுத்தேன். சாதாரண பார்மட் இல்லை. டிஸ்கின் பழைய நிலையைக் குறித்துவைத்துக்கொள்ளாமல், திரும்ப யோசிக்க இடமே வைக்காமல் செய்கிற வகை ஒன்று உண்டு. வைரஸ் பயந்து சாகட்டும் என்று அதைத்தான் கொடுத்தேன். நூறு சதவீதம் முடிந்தது என்று வந்ததும் முதல் பிளாப்பியைத் துடைத்துப் போட்டேன். படிக்க முடியவில்லை என்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பழுப்புத் தகட்டில் என் பக்தி காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. துடைத்ததில் இன்னும் நன்றாக அப்பியிருந்தது. ஆறும் போச்சு.

நம்பினால் நம்புங்கள், எனக்கு அழுகை வரவில்லை, கொட்டாவி வந்தது. பயம் முற்றினால் எனக்குக் கொட்டாவி வரும். கம்பவுண்டருக்கு என்ன பதில் சொல்வது என்று மேசையடியில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக், டக், டக். சற்று நிறுத்தம். மறுபடி டக், டக், டக். சிமெண்டுத் தரையில் நாய் நடந்தால் நகம் படுகிற சத்தம். நான்கு கால் நாய் நடப்பது போலவும் இல்லை, ஒரு கால் எண்ணிக்கையில் குறைந்தது. வாசல் பக்கமிருந்து வந்தது, கம்பவுண்டர் உட்காரும் நாற்காலி அருகே வந்து நின்றது. நான் மேசைக்கடியிலிருந்து பார்க்கிறேன், தரையில் ஒன்றுமே இல்லை. கதவு சாத்தியிருந்தது, நானே சாத்தியது. ஒரு வீரன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். சிபியூவையும் ஆறு பிளாப்பிகளையும் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வாசலில் செருப்பு இருந்ததே என்கிறீர்களா, கண்ணில் படவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கூட்டாளி சேவியர் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்திவந்தான். வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“என்னய்யா, டிவியா?” என்றார் கண்டக்டர்.

“கம்ப்யூட்டர்.”

“ஆயுத பூசையன்னிக்கு அத ஏன்யா ஊர் சுத்திக் காட்டுதீரு? லக்கேஜ் டிக்கெட் எடும்.”

பக்கத்து சீட்டு அம்மாள் போர்வை விலகிய இடத்தில் தெரிந்த குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுக்கிற நிலையில் நான் இல்லை.

சேவியருக்கு ஆயுத பூஜை கிடையாது, கடையில்தான் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பிளாப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

“ஏலே, சந்தனத்த அது கண்ணுலயே அப்பி வச்சா அது எங்கிட்டுப் பாக்கும்?”

“திட்டுறத பொறவு திட்டு. ஏதாச்சும் பண்ணு.”

“காப்பி எடுத்தா மட்டும் போதுமாலே? பார்மட்டுக்கு முன்னால அந்தக் காப்பி வேற மிசின்ல தெறக்குதான்னு பாக்கணும். சரி, பார்மட் பண்ணதுக்கு அப்புறம் டிஸ்க்ல எதையாவது ஏத்துனியா?”

“எங்க ஏத்த, அதுக்குள்ள ஓடியாந்துட்டேன்.”

“பயந்தாங்கொள்ளியா இருக்கதுல ஒரு லாபம்” என்றான்.

அவன் சொன்னது இதுதான். பார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பது. உள்ளே பக்கங்கள் இருக்கும், எது எங்கே என்றுதான் தெரியாது. மேலே புதிதாக எழுதினால்தான் அழியும். நான் தைரியசாலியாக இருந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருந்தால் கம்பவுண்டரின் நாய்கள் அடியில் போயிருக்கும். என் பயம்தான் இருபது வருஷத்தைக் காப்பாற்றியது. இதை நான் பலரிடம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன்.

தன்னுடைய பிளாப்பியிலிருந்து மெஷினைக் கிளப்பி, பார்மட்டைத் திருப்புகிற கட்டளையைக் கொடுத்தான். டிஸ்க் முழுக்கத் தேடியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. போல்டர்கள் பெயரில்லாமல், வெறும் எண்ணோடு ஒவ்வொன்றாக வந்தன. திறந்தால் உள்ளே ஊர்களின் நாய்கள் அப்படியே இருந்தன. நான் எண்ணினேன். பதினொன்று வந்தது. பிறகு இன்னும் ஒன்று கூடுதலாக வந்தது.

“நீ பதினொண்ணுன்னுதான சொன்ன?”

“பதினொண்ணுதான்.”

பன்னிரண்டாவது போல்டர் காலியாக இருந்தது. அழித்த கோப்புகளை மீட்கும் கட்டளையை அதற்குள் கொடுத்ததும் ஒரே ஒரு கோப்பு தலைகாட்டியது. அப்படி மீட்கும்போது பெயரின் முதல் எழுத்து போயிருக்கும், அதை நாம் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டோம்.

மறுநாள் விஜயதசமி காலையில் மெஷினைக் கடையில் வைத்து, கம்பவுண்டரை அழைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பன்னிரண்டாவது போல்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் எழுத்தை அவரே அடித்தார். மல்லி என்று வந்தது.

“எங்க வீட்டு நாய் தம்பி. காது கேக்காது. அவ செத்த அன்னிக்கு இங்க வந்து நாந்தான் போல்டரோட அழிச்சேன். தெனமும் அந்தப் பேரப் பாக்க ஏலல. ஒங்கிட்டச் சொல்லல.”

என் பக்கம் திரும்பி, “அந்தச் சத்தம் எப்பிடிக் கேட்டுச்சு?” என்றார். மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம்.

“அவளுக்குப் பின்னங்கால் ஒண்ணு ஊனம். மூணு காலத்தான் ஊணுவா” என்றார். பிறகு அந்தக் கோப்பை அவள் பிறந்த ஊரான தளவாய்புரத்தின் போல்டருக்குள் போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரர்கள் வந்தார்கள். மடிப்பு மடிப்பாக வந்த பிரிண்டர் காகிதத்தைத் தரையில் விரித்து மண்டியிட்டு வாசித்தார்கள். அதில் பெரியவர் ஒருவர் எழுந்து கம்பவுண்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். கம்பவுண்டர் என்னைக் காட்டி, “இவந்தான் காப்பாத்திக் குடுத்தான்” என்றார். அழிக்கப் பார்த்தவனும் நான்தான் என்பதை அவர் சொல்லவில்லை, பெரிய மனுஷன். பார்மட் ஆன டிஸ்கை மீட்டவன் என்று ராஜபாளையத்தில் அதற்குப் பிறகு எனக்கு ஒரு பேர் உண்டு. சேவியர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

அந்தச் சத்தத்துக்கும் சேவியர் ஒரு காரணம் சொன்னான். ஹார்டு டிஸ்குக்குள் படிக்கும் முள் அங்கும் இங்கும் அடித்துக்கொள்ளும் சத்தம் அது, பயத்தில் உனக்கு நாய் மாதிரிக் கேட்டிருக்கிறது என்றான். மற்றதையெல்லாம் சரியாகச் சொன்னவன் ஆயிற்றே, இதிலும் தலையாட்டிவிட்டேன். அவனிடம் சொல்லாதது ஒன்று உண்டு. ஆறாவது பிளாப்பியும் படிக்காத ஆத்திரத்தில் நான் மேசைக்கடியில் குனிந்து கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கியிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டபோது பிளக் என் கையில்தான் இருந்தது.