வேகம் எழுதாத ரெக்கார்டு

கண்டக்டர் ஜாசிராவின் தொண்டையைப் பற்றி மவுவா போகும் பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். பின்வாசலில், ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்கம்பிக்குப் பக்கத்து உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "உள்ள போங்கய்யா, உள்ள அவ்ளோ இடம் கெடக்கு, வாசல்ல என்ன கல்யாணமா நடக்குது?" என்று அவள் ஒரு சத்தம் போட்டால், முன்சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து நகர்ந்துவிடுவான். அந்தத் தொண்டைக்குக் கம்பெனி கொடுத்தது ஒரு நீலச் சட்டையும் தலையில் கட்டிக்கொள்ள ஒரு துணியும். துணிக்கடியில் தலையின் இரண்டு பக்கமும் மழித்திருப்பதோ, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் 'பசி ஷிப்ட்' என்ற பங்க் இசைக்குழுவில் பாடுவதோ கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

அந்த வியாழக்கிழமை சாந்தோ அந்த்ரே ஸ்டேஷனில் ஏறிய இரண்டு பேரைப் பார்த்ததுமே அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. தோளுக்குக் கீழே புரளும் முடி, கறுப்பு பனியன், இடுப்பில் சங்கிலி. மெட்டல் பாட்டுக் கூட்டம். அவர்களுக்கும் பங்க் பையன்களுக்கும் கீரி பாம்பு உறவு. போன மாதம்தான் இதே ஸ்டேஷன் படிக்கட்டில் இரண்டு தரப்பும் மோதிக்கொண்டு, ஒரு பையனுக்கு வயிற்றில் தையல் போட வேண்டிவந்தது. ஜாசிரா தலைத்துணியை நெற்றிவரை இறக்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் உயரமானவன் கையிலிருந்த சின்ன இசைத்தட்டைப் பார்த்தாள். அது அவள் குழுவின் ரெக்கார்டு.

"இதுல பாடுற ஆளு ஆறடிக்குக் கொறையாம இருப்பான்டா," என்றான் உயரமானவன். "கழுத்தே இந்தத் தூண் தடிமன் இருக்கணும்."

"ஓஸ்மாரு, அவனுங்க பங்க்குடா. நமக்கு எதுக்கு?"

"பங்க்கா இருந்தா என்ன, பன்னியா இருந்தா என்ன? குரலக் கேட்டியா நீ? கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி, மெதுவா, வார்த்த வார்த்தையா வருது பாரு."

ஓஸ்மார் கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் பாடினான்.

*ரெண்டு விரலை மெஷின் தின்னது,
மொதலாளி வந்து கை குலுக்கினான்.
எங்கப்பன் சட்டைக்குப் பொத்தான் மாட்ட
எங்கம்மா கையைக் கடன் வாங்கினான்.*

எதிரே காசை நீட்டிக்கொண்டு நின்ற அம்மாளை ஜாசிரா பார்க்கவே இல்லை. அது அவள் எழுதிய வரி. அவளைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அவள் நம்பியிருந்த வரி.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் ஊர் மன்றத்து மண்டபத்துல பாடுறானுங்களாம்," என்றான் ஓஸ்மார். "நம்மாளுங்க முப்பது பேர் போறோம். அவனுங்க வாலாட்டினா சங்கிலி பேசும்."

"அங்க போயி பாத்தா வேற எவனாவது டுபாக்கூரு நின்னா?"

"மண்டபம் தரைமட்டம்." ஓஸ்மார் அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, அடுத்த ஸ்டாப்பிங். கொஞ்சம் சத்தம் குடுங்களேன்."

வாயைத் திறந்தால் அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயத்தில் அவள் பேசாமல் மணிக்கயிற்றை இழுத்தாள்.

இது எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அடுத்த ஸ்டாப்பிங்வரைகூட ஆகவில்லை. இந்த ஊரில் சின்ன ரெக்கார்டு என்றால் முக்கால்வாசி நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று வேகத்தில்தான் ஓடும். வெளிநாட்டுப் பங்க் குழுக்கள் நாற்பத்தைந்தில் போடுகிறார்களே என்று ஆசைப்பட்டு இவர்களும் நாற்பத்தைந்தில் அடித்தார்கள். லேபிள் அச்சடிக்க வக்கில்லை. டிரம்ஸ் அடிக்கும் வால்டெசிர் தேய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தைச் செதுக்கி முத்திரை செய்தான். குழுவின் பெயரைச் செதுக்கினான், பக்கத்தில் ஒரு மண்டையோட்டையும் செதுக்கினான். வேகத்தைச் செதுக்க மறந்துவிட்டான். மண்டையோடு இல்லாவிட்டால் குடி முழுகிவிடும் பாருங்கள்!

அப்படிப் பிறந்த ரெக்கார்டுகளில் பாதி இன்னமும் ஜாசிராவின் கட்டிலுக்கடியில் கிடந்தன. யாரோ எதற்கோ பண்டமாற்று செய்து, கை மாறிக் கை மாறி ஒன்று ஓஸ்மாரிடம் போயிருக்கிறது. அவன் முப்பத்துமூன்றில் வைத்திருக்கிறான். ஜாசிராவின் கீச்சுக்கத்தல் ஒரு ராட்சசனின் உறுமலாக மாறியிருக்கிறது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அப்பா அர்லிந்தோ சோறும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் இல்லை. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் மட்டும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்க, கட்டைவிரலால் கரண்டியை அணைத்துப் பிடித்திருந்தார். கார் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் மெஷின் செய்த வேலை. அந்த வீட்டில் அந்தக் கையைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே அது சட்டமாகிவிட்டது. அதனால்தான் ஜாசிரா அதைப் பாட்டாக்கினாள், அதனால்தான் அதையே அவர்களுடைய பாட்டுகளில் அதிவேகமான பாட்டாக்கினாள். யாருக்கும் ஒரு எழுத்து புரியக் கூடாது. தொண்டை கிழியக் கத்தவும் வேண்டும், ஒருவர் காதிலும் விழவும் கூடாது. பாவம், அவளுக்கு அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை டயர் கடைப் பின்கட்டில் பயிற்சி. ஜாசிரா பஸ்ஸில் நடந்ததைச் சொன்னதும் வால்டெசிர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ரெக்கார்டை முப்பத்துமூன்றில் வைத்துக் கேட்டான். சிரிப்பு நின்றது. கிட்டார்காரனும் பேஸ்காரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடப்பாவி, இது நாமளாடா?" என்றான் வால்டெசிர். "எவ்ளோ கனமா இருக்கு!" இரண்டாம் முறையும் தன் டிரம்ஸ் அடியை மட்டுமே கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "ஜாசிரா, கோச்சுக்காத. ஞாயித்துக்கெழம கில்மார் பாடட்டும்."

கில்மார் அவனுடைய சித்தப்பா மகன். மாட்டுக்கறிக் கடையில் வேலை. கழுத்தும் தோளும் எங்கே பிரிகிறது என்று சொல்ல முடியாது.

"நான்?"

"நீ பக்கத்துல நின்னு கோரஸ் குடு."

"என் பாட்டுக்கு நான் கோரஸா? உனக்கு வெக்கமா இல்ல?"

"முப்பது பேருடி! கையில சங்கிலி. ராட்சசனத் தேடி வர்றானுங்க. மேடையில உன்னப் பாத்தா அங்கயே ஆரம்பிச்சிடுவானுங்க, நம்ம பயலுங்களும் சும்மா இருக்க மாட்டானுங்க. இந்த ஊர்ல நமக்குக் கதவத் தொறக்குற ஒரே மண்டபம் அது. ஒரு நாற்காலி ஒடஞ்சாலும் மன்றத்துச் செயலாளரம்மா பூட்டுப் போட்டுரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மற்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். மூன்று பேர் ஒரு பக்கம். ஜாசிரா மைக் வயரைச் சுருட்டிவைத்தாள்.

"சரி, பாட்டு வரிய எழுதிக் குடுத்துட்டுப் போ," என்றான் வால்டெசிர்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா எனக்குப் பின்னால உக்காந்து அடிக்கிறியே, ஒரு வரி தெரியாதா உனக்கு?"

"உன் வேகத்துல ஆண்டவனுக்கே புரியாது!"

"அப்ப ஆண்டவன்கிட்டயே கேட்டு எழுதிக்க," என்று சொல்லிவிட்டு, ரெக்கார்டையும் எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். தெருமுனைவரை தலை நிமிர்ந்து நடந்தாள். அதற்கப்புறம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மன்றத்து மண்டபம் நடுவில் கோடு கிழித்ததுபோல் இரண்டாகப் பிரிந்திருந்தது. இடது சுவரோரம் பங்க் பையன்கள், வலது சுவரோரம் நீளமுடிக்காரர்கள். நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்கு வெறும் தரை. அந்தத் தரையில் கால் வைக்க யாருக்கும் துணிவில்லை. ஓஸ்மார் முன்வரிசையில் நின்றான். சங்கிலி இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியிருந்தது. பங்க் பக்கத்தில் ஒருவன் பாட்டிலைப் பின்னால் மறைத்திருந்ததை ஜாசிரா பார்த்தாள்.

அவள் வராமல் இருக்கத்தான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும்வரை ரெக்கார்டு போடும் மேசை மேடையோரத்தில் இருந்தது. பஸ்ஸில் கட்டும் தலைத்துணியை நெற்றிவரை இறக்கிக் கட்டி, அதற்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கில்மார் மேடையேறியதும் வலது பக்கம் உறுமியது. ஆள் அச்சு அசல் அவர்கள் கற்பனை செய்த ஆள். வால்டெசிர் மெதுவாக அடிக்க ஆரம்பித்தான். கில்மார் மைக்கைக் கவ்விக்கொண்டு, "ஊவ்... ரா... கூம்..." என்றான். முதல் நான்கு வரியும் ஊவ் ரா கூம்தான். ஓஸ்மாரின் முகத்திலிருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"வார்த்த எங்கடா?" என்று கத்தினான். "மொதலாளி எங்க? பொத்தான் எங்க? எவன்டா நீ?"

கில்மாருக்கு வியர்த்தது. வால்டெசிரின் குச்சி நின்றது. "ஏமாத்துறானுங்கடா!" என்று வலது பக்கம் எவனோ கத்த, முப்பது பேரும் அந்த வெறும் தரையில் கால் வைத்தார்கள். இடது பக்கத்தில் பாட்டில் உடைபடும் சத்தம் கேட்டது. கதவோரம் செயலாளரம்மா சாவிக்கொத்தைக் கையில் எடுத்தாள்.

"நில்லுங்கய்யா! எல்லாரும் இருந்த எடத்துல நில்லுங்க!"

பஸ் குரல். மவுவா பஸ்ஸில் அடிபட்டுப் பழகிய கால்கள் தன்னால் நின்றன. ஓஸ்மார் திரும்பினான்.

"கண்டக்டரக்கா?"

ஜாசிரா தலைத்துணியை அவிழ்த்தாள். கையோடு கொண்டுவந்த ரெக்கார்டை மேசையில் முப்பத்துமூன்றில் வைத்து முள்ளை இறக்கினாள். ராட்சசன் உறுமினான். *ரெண்டு விரலை மெஷின் தின்னது.* ஓஸ்மாரின் உதடு அவனையறியாமல் கூடவே அசைந்தது. அவன் கண்ணைப் பார்த்தபடியே அவள் விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளினாள்.

ராட்சசனின் குரல் ஏறியது. ஏறி, மெலிந்து, கிறீச்சிட்டு, ஒரு பெண்பிள்ளையின் தொண்டையில் வந்து நின்றது. யாரோ ஒருவன் சிரித்தான், அவனைப் பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்து அடக்கினான். ஜாசிரா முள்ளைத் தூக்கிவிட்டு மேடையேறினாள். கில்மார் மைக்கைக் கொடுத்த வேகத்தைப் பார்த்தால் அவனைப் போல நிம்மதியடைந்தவன் அந்த மண்டபத்தில் வேறு எவனும் இல்லை.

"வால்டெசிர், அடி," என்றாள். "நம்ம வேகத்துல."

"ஜாசிரா, அவனுங்க..."

"அடிடா!"

அவன் அடித்தான். அவள் பாடினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, எந்த நிமிஷமும் சங்கிலி முகத்தில் வந்து விழும் என்று எதிர்பார்த்துக்கொண்டு, முன்னைவிட வேகமாகப் பாடினாள். இரண்டாவது வரியில் ஏதோ மாறியது. தன் குரல் தனியாக இல்லை என்று தெரிந்தது. யார் யாரோ கூடப் பாடினார்கள். மெதுவாகக் கேட்டு மனப்பாடம் செய்த வார்த்தைகளை, அவள் வேகத்துக்குத் தடுக்கி விழுந்து எழுந்து, விடாமல் பாடினார்கள்.

கண்ணைத் திறந்தாள்.

ஓஸ்மார் மேடை விளிம்பில் நின்று கத்திக்கொண்டிருந்தான், கழுத்து நரம்பு புடைக்க. அவன் வலது கை உயர்ந்திருந்தது. அவனுக்குப் பின்னால் முப்பது கைகள். ஆட்டுக்கொம்பு என்று வால்டெசிர் கேலி செய்வானே, மெட்டல் கூட்டத்தின் அந்த அடையாளம். ஜாசிராவும் எத்தனையோ தடவை சேர்ந்து சிரித்திருக்கிறாள். இன்று சிரிப்பு வரவில்லை. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்திருந்தன. நடு இரண்டு விரல்களும் மடங்கி, இல்லாமல் போயிருந்தன.

மண்டபம் முழுக்க அப்பாவின் கை.

*எங்கப்பன் சட்டைக்குப் பொத்தான் மாட்ட* என்ற இடத்தில் அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு பாட மறந்தாள். அவள் விட்ட வரியை அவர்கள் பாடி முடித்தார்கள். பாட்டிலை உடைத்த பங்க் பையன் பாட்டிலின் கழுத்தை மட்டும் கையில் பிடித்தபடி, இதென்ன கூத்து என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். செயலாளரம்மா சாவிக்கொத்தை இடுப்பில் சொருகினாள்.

பாட்டு முடிந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே வால்டெசிர் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். முப்பது பேர் சேர்ந்து பாடியதில் இப்போதுதான் அவனுக்கு வார்த்தைகள் காதில் விழுந்திருந்தன. முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஜாசிரா... இது உங்கப்பாவப் பத்தினதா?"

"ரெண்டு வருஷமா அதத்தானடா நீ அடிச்சிட்டிருந்த," என்றாள் ஜாசிரா.