எக்ஸ் விளக்கு எரிந்த இடம்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பமாட்டேன் என்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். கார் ஷெட்டில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பழைய துண்டில் சுற்றி அதை வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கலாம், கையில் வைத்துத் திருப்பலாம். ஒருமுறை காரில் மாட்டி ஓட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள், தரமாட்டேன்.

என் பெயர் ஹார்லன். மேற்கு கன்சாஸில் விதைச்சோளம் விற்கிறேன். ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவில் ஒரு மரம்கூட இருக்காது. இந்தப் பக்கத்தில் விதை விற்பவனுக்குக் கார் இல்லையென்றால் கால் இல்லை. அந்த வருடம் என் லைசென்ஸுக்குக் கெட்ட நேரம். வேகமாக ஓட்டியதற்காக ஏற்கெனவே மூன்று அபராதச் சீட்டு வாங்கியிருந்தேன். நாலாவது வந்தால் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். லைசென்ஸ் இல்லாத விற்பனையாளனை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? இந்த வயதில் நான் வேறு எங்கே போய் நிற்பது?

மெதுவாகப் போகவேண்டியதுதானே என்பீர்கள். என் மனைவியும் அதையேதான் சொன்னாள். கோடு கிழித்த மாதிரி நேராகக் கிடக்கிற சாலை, கண்ணுக்கு எட்டிய வரை ஒரு பயல் கிடையாது. அதில் அறுபத்தைந்து மைல் வேகத்தில் ஊர்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

என் மனைவியின் தம்பி ராய்ஸ் பழைய கார்களை உடைக்கும் யார்டில் வேலை பார்க்கிறான். அவனிடம் கிடைக்காத சாமான் இல்லை, ஒழுங்காக வேலை செய்யும் சாமானும் இல்லை. கோடையில் ஒரு நாள் சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

"ரேடாரை மோப்பம் புடிக்கிற கருவி மாமா. போலீஸ்காரன் ஒரு மைலுக்கு அந்தப் பக்கம் வேகத்தை அளக்கற ரேடாரைத் திருப்பினாலே இது கத்திரும். இனிமே உங்களை எவன் புடிக்கிறான்னு பாக்கலாம்."

"ஒயர்ல என்னடா டேப் சுத்தியிருக்கு?"

"பழசுன்னா அப்படித்தான். கத்துதா இல்லையா, அதைப் பாருங்க."

கத்தியது. அதுதான் என் தலையெழுத்து. சூப்பர் மார்க்கெட்டின் தானியங்கிக் கதவைப் பார்த்துக் கத்தியது. பக்கத்தில் புதிய கார் ஏதாவது போனால், அதன் பின்பக்கத்தில் இருக்கும் உணர்கருவியைப் பார்த்துக் கத்தியது. ஊருக்குள் நுழைந்தால் வாயே மூடாது. ஆனால் நிஜப் போலீஸ் இருக்கிறானே, அவன் ரேடாரை அணைத்துவிட்டுப் பாலத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். கார் நேர் எதிரே வந்த பிறகுதான் பொத்தானை அமுக்குவான். அப்போது இந்தச் சனியன் கத்தும். கத்தி என்ன பிரயோஜனம்? என் வேகம் அவன் கைக்குப் போய்விட்டது. வேகத்தை அளக்க லேசர் துப்பாக்கி வைத்திருந்தால் இன்னும் மோசம். நீ மாட்டிக்கொண்டாய் என்று சொல்ல ஒரு கருவி எதற்கு? அதைத்தான் போலீஸ்காரனே வந்து ஜன்னலைத் தட்டிச் சொல்கிறானே.

ராய்ஸிடம் பொரிந்து தள்ளினேன். அடுத்த வாரம் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தான். ஜாமராம். போலீஸ் ரேடாரின் கண்ணையே கட்டிவிடுமாம். வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்று மாட்டி முடித்த பிறகு சொன்னான். எங்கள் ஊர் எல்லையில் வருகிற காரின் வேகத்தைக் காட்டும் பலகை ஒன்று உண்டு, அதுவும் ரேடார்தான். ஜாமரை முடுக்கிவிட்டு அதன் முன்னால் ஓட்டினேன். நாற்பத்து மூன்று என்று பளிச்சென்று காட்டியது. என் காரின் முள்ளும் நாற்பத்து மூன்றில்தான் நின்றது. திரும்பி வந்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் சரியாகக் காட்டியது. பலகைக்கு இருக்கும் நேர்மை என் மைத்துனனுக்கு இல்லையே என்று வயிறு எரிந்தது.

இதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது எக்ஸ் விளக்கைப் பற்றி.

அந்த மோப்பக் கருவியில் வரிசையாக நான்கு சின்ன விளக்குகள். எந்த அலைவரிசை ரேடாரோ அந்த விளக்கு எரியும். அதில் எக்ஸ் என்று ஒன்று. அது மட்டும் எங்கேயும் எரிந்ததில்லை.

ஓர் இடத்தைத் தவிர.

ஹெல்மர் என்கிற ஊருக்குப் போகும் வழியில் கைவிடப்பட்ட தானியச் சேமிப்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டினால் சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கும். இறக்கத்தின் அடியில் ஆளில்லா ரயில்வே கிராசிங். கேட் கிடையாது, விளக்கு கிடையாது. செப்டம்பரில் ஒரு சாயங்காலம் அந்தக் கோபுரத்தைத் தாண்டும்போது எக்ஸ் எரிந்தது. சத்தமும் வேறு மாதிரி. மற்றதற்கெல்லாம் காட்டுக்கத்தலாகக் கத்தும். இதற்கு நிதானமாக... டக்... டக்... டக்...

பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். போலீஸும் இல்லை, ஒரு ஈ காக்கையும் இல்லை. திட்டிக்கொண்டே போனேன்.

அடுத்த வாரமும் அதே இடம், அதே சத்தம். அதற்கடுத்த வாரமும். காலையில் போனால் கம்மென்று இருக்கும். பொழுது சாய்ந்து போனால்தான் அடிக்கும். இன்னொன்றும் உறுத்தியது. ரேடாரைத் தாண்டிவிட்டால் சத்தம் குறையவேண்டும். இங்கே கோபுரத்தைத் தாண்டத் தாண்டக் கூடியது. மேட்டின் உச்சியில் சட்டென்று நின்றது.

"எக்ஸா?" என்று சிரித்தான் ராய்ஸ். "அதை இப்போ எந்தப் போலீஸும் வெச்சுக்கறதில்ல மாமா. அரதப் பழசு. ஏதாச்சும் குடோன் கதவு இருக்கும்."

"அங்க கதவும் இல்ல, கரன்ட்டும் இல்லடா."

"அப்போ எக்ஸையே அணைச்சு விட்டுடறேன். நிம்மதியா போங்க."

கருவியின் வயிற்றைத் திறந்து ஒரு குட்டி ஸ்விட்சைத் தள்ளினான். என் கண் முன்னால்தான் தள்ளினான். இனிமேல் எக்ஸ் எரியவே எரியாது என்றான்.

நவம்பர் மாதம் வந்தது. ஹெல்மர் சர்ச்சின் நிலவறையில் விவசாயிகளுக்கு விருந்து. அடுத்த வருட விதைக்கு அங்கேதான் பேசி முடிப்பார்கள். நான் கிளம்பும்போதே தாமதம். ஐந்தரை மணிக்கே கும்மிருட்டு. நிலா இல்லை. கோபுரத்தை நெருங்கும்போது முள் எண்பத்து நாலில் இருந்தது.

கோபுரம் பின்னால் போனது.

டக்...

முதலில் என் காதையே சந்தேகப்பட்டேன். கருவியைப் பார்த்தேன். எக்ஸ் எரிந்தது.

டக்... டக்...

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. அணைத்து வைத்ததுகூட அணையாதா? மூன்று மாதமாக என்னைப் படுத்திய பாட்டையெல்லாம் நினைத்து ஒயரைப் பிடித்து ஒரே இழு. டேப் சுற்றிய இடத்தில் அறுந்து கையோடு வந்தது.

கருவி இருண்டது. நிம்மதி.

எக்ஸ் மட்டும் மறுபடி எரிந்தது.

டக்... டக்... டக்...

ஒயர் என் கையில் இருந்தது. பாட்டரி போடும் வசதியே அதில் கிடையாது.

டக் டக் டக்...

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் இருட்டு.

டக்டக்டக்டக்...

மேட்டுக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. ஒரு கார். என்னை நோக்கி வந்தது. முன்விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போட்டது.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முன்னால் போலீஸ் நிற்கிறான், பார்த்துப் போ. முன்பின் தெரியாதவன்கூட அடுத்தவனுக்கு இந்த உபகாரத்தைச் செய்வான். விளக்கு சிமிட்டினால் இங்கே எவனுடைய காலும் யோசிக்காது. என் காலும் யோசிக்கவில்லை.

நாலாவது சீட்டு... லைசென்ஸ்...

பிரேக்கை முழுதாக மிதித்தேன்.

அந்தக் கார் என்னைத் தாண்டியது. இடது விளக்கு மட்டும் வானத்தைப் பார்த்துக் கோணிக்கொண்டிருந்தது.

சத்தமே இல்லை. எஞ்சின் சத்தம்கூட.

என் கார் வழுக்கிக்கொண்டே மேட்டின் உச்சியைத் தாண்டியது.

இறங்கியது...

முன்னால் சாலையே இல்லை.

சுவர்.

கறுப்பாக ஒரு சுவர்.

நின்றது கார்.

கிராசிங்கை அடைத்துக்கொண்டு ஒரு சரக்கு ரயில் அசையாமல் நின்றிருந்தது. தானியம் ஏற்றும் பெட்டிகள், விளக்கு ஏதும் இல்லை. என் காரின் மூக்குக்கும் பெட்டியின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம், அவ்வளவுதான் இடம்.

கருவி ஓய்ந்துவிட்டது.

எவ்வளவு நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ. ரயில்காரர் ஒருவர் கைவிளக்கோடு தண்டவாளத்தை ஒட்டி ஓடிவந்தார்.

"அடி ஏதும் படலையே? பிரேக் குழாய் புட்டுக்கிச்சு. முக்கா மணி நேரமா நிக்குது. போலீஸுக்குச் சொல்லிட்டோம், வந்துட்டு இருக்காங்க."

"இப்போ ஒரு கார் இந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சே, அவர்தான்..."

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"இங்கேர்ந்துதான். எனக்கு எதுத்தாப்ல."

அவர் ரயிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எப்படிங்க வரும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. முக்கால் மணி நேரமாக ரயில் சாலையை அடைத்து நிற்கிறது. மேட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் பிரிகிற பாதை ஒன்றுமில்லை. இருபக்கமும் முள்கம்பி வேலி. அந்தக் கார் எங்கிருந்து கிளம்பியிருக்கும்?

கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்தது. ஜோலீன் ஃபங்க் என்று ஒரு பெண். மேட்டிலிருந்து கீழே வரை என் டயர் தேய்ந்த கோட்டை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நடந்துவந்தார். லைசென்ஸை வாங்கிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். உள்ளே வெளிச்சம் அடித்து ஜாமரைப் பார்த்தார்.

"இது வெச்சிருக்கறது குத்தம்னு தெரியும்ல சார்?"

"தெரியும்மா. அது வேலையும் செய்யாது."

"போலீஸுக்குப் பயந்துதான் இப்படிப் பிரேக் போட்டீங்களா?"

மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ் விளக்கு, அறுந்த ஒயர், எதிரே வந்த கார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தக் காரோட லைட்டு ரெண்டும் நேரா இருந்துச்சா சார்?"

நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"இடது லைட்டு கோணல்," என்றேன். "வானத்தைப் பாத்த மாதிரி."

அவர் லைசென்ஸை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"வெர்லின் ஸ்டக்கின்னு ஒருத்தர் எங்க ஆஃபீஸ்ல இருந்தாரு. நான் வேலைல சேர்ந்த முதல் வருஷம். மான் மோதி அவரு வண்டியோட லைட்டு கோணிப்போச்சு, கடைசிவரைக்கும் சரி பண்ணலை. பொழுது சாஞ்சா அந்தக் கோபுரத்துகிட்டதான் நிப்பாரு, பழைய எக்ஸ் ரேடாரை வெச்சுகிட்டு. நாங்கள்லாம் ஆளைப் புடிக்கறதுக்காக ரேடாரை அணைச்சு வெச்சிருப்போம். அவரு அணைக்கவே மாட்டாரு. மோப்பக் கருவி வெச்சிருக்கறவன் அத்தனை பேரும் கிராசிங்குக்கு முன்னாலயே பயந்து பிரேக் போடட்டும்னு. சீட்டே எழுதமாட்டேங்கறியேன்னு மேல இருக்கறவங்ககிட்ட தினமும் திட்டு."

"இப்போ எங்க இருக்காரு?"

"இதே மாதிரி ரயில் நின்ன ஒரு சாயங்காலம். ஒரு பச்சை காரு வேகத்தைக் குறைக்காம வந்துச்சு. ரயில் நின்னதைப் பாக்கப் போயிருந்த இவரு, மேட்டுலேர்ந்து லைட்டைச் சிமிட்டிக்கிட்டே அதுக்கு எதிர்ல வண்டியை விட்டாரு. அவன் கடைசிவரைக்கும் பிரேக்கே போடலை. நேருக்கு நேர். ரெண்டு பேரும் அங்கேயே முடிஞ்சுட்டாங்க." மேட்டைத் திரும்பிப் பார்த்தார். "அவன் வண்டிலயும் மோப்பக் கருவி இருந்துச்சு சார். கத்துதுன்னு ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தான்."

ஜாமரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சீட்டு எழுதவில்லை. லைசென்ஸ் இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. அறுபத்தைந்துக்கு மேல் முள்ளை ஏறவிடுவதில்லை. டிராக்டர் ஓட்டுகிறவன்கூட என்னைத் தாண்டிப்போகிறான் என்று விவசாயிகள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

மறுநாள் காலை யார்டுக்குப் போய் ராய்ஸைப் பிடித்தேன். இந்தக் கருவியை எந்தக் காரிலிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். எதற்கு இப்படி முறைக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. கையில் இருந்த சாண்ட்விச்சால் யார்டின் கடைசியைக் காட்டினான்.

"அதோ, அந்தப் பச்சை காருதான் மாமா. முன்பக்கம் பூரா நசுங்கி வருஷக்கணக்கா கெடக்கு. எடுக்கும்போதே ஒயரு அறுந்துதான் இருந்துச்சு. டேப்பு நான் சுத்துனது."

முந்தின நாள் என் கையில் அறுந்ததும் அதே இடத்தில்தான்.