சுல்தான் வரும்வரை மனைவி

துருக்கிக்காரர்கள் தங்கள் சுல்தானை இறக்கி ஊரைவிட்டே அனுப்பி, கலீபா என்ற பதவியையும் எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி பாலக்காட்டுக்கு வந்தது. கொல்லங்கோட்டிலிருந்து முதலமடைக்குப் போகிற வழியில் இருந்த எங்கள் ஊருக்கும் வந்தது. பள்ளிவாசலுக்குள் மட்டும் வரவில்லை. அங்கே அதற்குப் பிறகும் பல வருஷம் சுல்தான் ஆட்சி செய்துகொண்டிருந்தார். எங்கள் வீடு பள்ளிச் சுவரை ஒட்டி இருந்ததால், வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான குத்பாவில் பள்ளி இமாம் ஹஜ்ரத் அவருடைய ஆயுளுக்கும் படைகளின் வெற்றிக்கும் துஆ கேட்பது அடுப்படியில் இருக்கிற எனக்கே கேட்கும். விசாரித்தால் அந்தப் பெயர் கடைசி சுல்தானுடையதுகூட இல்லையாம், அவருக்கும் முன்னால் இருந்து மவுத்தாகி மண்ணுக்குள் போனவருடையதாம். கிதாப் பழையது. அச்சில் இருப்பதை மாற்ற யாருக்கு அதிகாரம் என்று கேட்டதற்கு, ஜமாஅத்தை நிர்வகித்த முத்தவல்லி, "கெடக்குது உடுங்க, துஆதானே" என்று முடித்துவிட்டார்.

எனக்கு அந்த சுல்தானோடு சண்டை எதுவும் இருந்ததில்லை. என்னை ஒரு மனிதனுக்கு மனைவியாகவே வைத்திருக்க அவரைத்தான் காரணம் காட்டினார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நாங்கள் ராவுத்தர்கள். தமிழ் பேசுகிறவர்கள், மார்க்கச் சட்டத்தில் ஹனஃபி மத்ஹப் என்கிற வழியைச் சேர்ந்தவர்கள். என்னைக் கட்டிக்கொண்டவர் கல்யாணமான மறு வருஷமே பினாங்குக்குக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு தகவல் வந்தது. அதோடு சரி. கொஞ்ச நாள் மாமியார் வீட்டில் இருந்து, அவர்களுடைய மாடுகளையும் அவர்களுடைய கோபங்களையும் பராமரித்தேன். பிறகு என்னைப் பெற்ற அத்தா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சோறு போடப் புருஷன் இல்லை, வேறு வாழ்க்கை தேடிக்கொள்ள உரிமையும் இல்லை. ஊரில் என்னை எப்படிக் குறிப்பிடுவது என்றே யாருக்கும் தெரியவில்லை. விதவை என்றால் சாபம், விடப்பட்டவள் என்றால் பொய். "பினாங்குக்காரர் சம்சாரம்" என்றார்கள். பினாங்கை நான் கண்டேனா?

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த நிக்காஹிலிருந்து விடுதலை. அதைக் கேட்க அத்தா ஹஜ்ரத்திடம் போனார். ஹஜ்ரத் கெட்டவர் இல்லை, கிதாபைத் திறந்தால் அதில் உள்ளதைச் சொல்லிவிடுகிற மனிதர். காணாமல் போனவன் உயிரோடு இருப்பதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். அவன் வயசுக்காரர்கள் எல்லாரும் மவுத்தான பிறகு அவனும் மவுத்தாகியிருப்பான் என்று தீர்மானிக்கலாமாம். நம்முடைய மத்ஹபின் சொல் அது.

அத்தா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சொன்னார். நான் அன்றிலிருந்து என் புருஷனோடு சுன்னத் செய்துகொண்ட அவர் வயசு ஆண்பிள்ளைகளை அக்கறையோடு கவனிக்க ஆரம்பித்தேன். ஒருவர் வண்டிமாட்டுத் தரகர். ஒருவர் கடலைக்காட்டுக்காரர். ஒருவரும் இருமக்கூட இல்லை. வண்டிமாட்டுக்காரர் ஒரு முறை காய்ச்சலில் படுத்தார் என்று கேட்டு நான் ஜன்னலோரம் போய் நின்றேன். வாரம் திரும்புவதற்குள் எழுந்து சந்தைக்குப் போய்விட்டார். அவரைப் பார்க்கிறபோது எனக்கு வந்த எரிச்சலுக்காக இன்றும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அப்படி ஓர் ஆசையை என் மனதில் வைத்தவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

பக்கத்து ஊர் மலையாள முஸ்லிம்களான மாப்பிள்ளைமார் ஷாஃபி மத்ஹபு. புருஷன் சோறு போடாமல் போய்விட்டால் அவர்களுடைய மார்க்க நீதிபதியான காஜி விசாரித்துப் பெண்ணை விடுவித்துவிடுவார். ஒரே அல்லாஹ், ஒரே நபி, நடுவில் ஒரு வாய்க்கால். நானும் அந்தப் பக்கம் போய்விடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். மத்ஹபு என்ன சீலையா, நெனைச்சா மாத்திக்கறதுக்கு என்று அம்மா கண்ணீர் விட்டாள். பாலக்காட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் அத்தா. அங்கே கிடைக்கிற தீர்ப்பு வெள்ளைக்காரன் கச்சேரிக்குச் செல்லும், நிக்காஹுக்குச் செல்லாது என்றார் ஹஜ்ரத்.

பிறகு ஒரு நல்ல செய்தி வந்தது. இப்படிப்பட்ட பெண்களுக்காக மாலிக்கி என்ற இன்னொரு மத்ஹபின்படி நடக்கலாம், காஜி ஒருவர் விசாரித்துக் கெடு வைத்து விடுவிக்கலாம் என்று வடக்கே மார்க்கம் படித்த ஆலிம்கள் ஒத்துக்கொண்டார்களாம். ஹஜ்ரத்தே வீடு தேடி வந்து சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அத்தா அன்றைக்கே முத்தவல்லியிடம் போனார்.

முத்தவல்லி என் புருஷனுக்குப் பெரியத்தா. எனக்கு மாமா முறை. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "காஜி வேணும்னா காஜியை நேமிக்க சுல்தான் வேணுமுங்க. இங்க ஆள்றது வெள்ளைக்காரன். சுல்தான் இல்லாம காஜி ஏதுங்க? கலீபா திரும்ப வரட்டும், மொதல் கேஸா நம்ம புள்ளை கேஸையே எடுத்துக்கச் சொல்லலாம்" என்றாராம். அத்தா அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார். என் அத்தா யார் எதைச் சொன்னாலும் திரும்பி வந்துவிடுகிறவர்.

சுல்தான் இல்லாததால் அந்த ஜமாஅத்தில் வேறு எந்த வேலையும் நின்றுபோனதாக எனக்கு நினைவில்லை. கல்யாண ஊர்வலத்தில் ஆர்மோனியம் வாசித்தவர்களுக்குத் தெண்டம் போட்டார்கள். பெண்ணெடுத்த தகராறில் ஒரு குடும்பத்தை ஊர்விலக்கு செய்தார்கள். பாதையோரத்துப் புளியமரம் யாருக்கு என்று தீர்ப்பு சொன்னார்கள். இதற்கெல்லாம் இஸ்தான்புல்லிலிருந்து யாரும் வந்து கையெழுத்துப் போடவில்லை.

அந்த வருஷம் நபி பிறந்த நாளுக்கு மீலாது கூட்டம். தெருவில் பந்தல், பெண்களுக்கு ஓலைத் தட்டி மறைப்பு. முத்தவல்லிதான் பேசினார். நன்றாகப் பேசுவார், அதை மறுக்க முடியாது. இஸ்லாமிய ஆட்சியில் ஆள்கிறவனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்றார். உயிர், மார்க்கம், அறிவு, வம்சம், பொருள் என்று ஐந்தைக் காப்பாற்றுவது ஆட்சியின் கடமை என்றார். இந்த ஐந்தில் நான் எதில் வருகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். பொருளில் சேர்த்திருப்பார்கள் என்று தோன்றியது. பிறகு அவர் அந்தப் பழைய சம்பவத்தைச் சொன்னார். கலீபா ஒருவர் பள்ளியில் நின்று, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹருக்கு வரம்பு கட்டுகிறார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, அல்லாஹ் கொடுத்ததைக் குறைக்க நீங்கள் யார் என்று கேட்கிறாள். கலீபா அவள் சொன்னதே சரி என்று ஒத்துக்கொள்கிறார். "பாருங்க, ஒரு பொம்பளைக்கு அத்தனை பெரிய சபையில பேச உரிமை குடுத்த மார்க்கமுங்க நம்ம மார்க்கம்!" என்று முத்தவல்லி கையை உயர்த்தினார். பந்தல் முழுக்க சுப்ஹானல்லாஹ். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்த வேகத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

"மாமா, ஒண்ணு கேக்கறேனுங்க. நம்ம மத்ஹபுல ஜும்மா தொழுவறதுக்கும் சுல்தான் உத்தரவு வேணுமின்னு சொல்றாங்களே. சுல்தான் இல்லாம வாரா வாரம் எப்படித் தொழுவறீங்க?"

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யாரது, பொம்பளை சபையில பேசறது?" என்றார் முத்தவல்லி.

சத்தியமாக அதே வாய்தான். கலீபாவை எதிர்த்துக் கேட்ட பெண்ணின் கதை அந்த வாயில் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். இதற்குள் ஹஜ்ரத், அவர் பாட்டுக்கு, "சுல்தான் இல்லாத ஊருல முஸ்லிம்கள் ஒண்ணாச் சேந்து இமாமை வெச்சுக்கலாமுங்க. காஜியையும் அப்படித்தானுங்க. ஜனங்க ஒத்துக்கிட்டா அதுவே அதிகாரம். கிதாபுல இருக்குதுங்க" என்றார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. அவசரமாக பாத்திஹா ஓதிக் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

ஜமாஅத்துக்கு அதிகாரம் வந்துவிட்டது. அதை முதலில் யார்மேல் பிரயோகிப்பது என்பதிலும் குழப்பம் இல்லை. சபையில் பெண் குரல் உயர்த்திய குற்றத்தை விசாரிக்க முத்தவல்லி, ஹஜ்ரத், ஒரு தோல் வியாபாரி என்று மூன்று பேரை நியமித்தார்கள். அத்தாவை வரச் சொன்னார்கள். நானும் வருவேன் என்றேன். போகாதே கண்ணு என்று அத்தா கெஞ்சினார். அவரை ஊர்விலக்கு செய்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனாலும் போனேன். மதரஸா அறையில் ஒரு துப்பட்டியை மறைப்பாகக் கட்டினார்கள்.

"நீ செஞ்சது தப்புன்னு ஒத்துக்கறயா?" என்றார் முத்தவல்லி.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. என்னைய விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்குதுங்களா?"

"ஜமாஅத்து ஒண்ணாச் சேந்து குடுத்த அதிகாரம். ஹஜ்ரத்தே சொன்னாரல்ல?"

"அப்பச் சரிங்க. உங்களை காஜியா ஒத்துக்கறேன். என்ன தெண்டம் போட்டாலும் கட்டறோமுங்க. அதே அதிகாரத்துல என்ர கேஸையும் எடுத்துக்கங்க. புருஷன் எங்கிருக்கறார்னு தெரியல, சோறு இல்ல, சீலை இல்ல, தகவல் இல்ல. விடுதலை வேணுமுங்க."

தோல் வியாபாரி சிரித்துவிட்டார். முத்தவல்லி, இந்தக் கமிட்டி அதற்காகப் போட்டதில்லை என்றார். ஹஜ்ரத், "பாதி காஜின்னு கிதாபுல இல்லீங்களே" என்றார். இன்னொன்றும் சொன்னார். "தம்பி மகன் கேஸுங்க. அதுல நீங்க உக்காரக் கூடாதுங்க, எந்திரிச்சுக்கணும்." முத்தவல்லி எழுந்து போனதை நான் பார்க்கவில்லை. செருப்பை அவர் தேடிய சத்தத்தைக் கேட்டேன். அது போதுமாயிருந்தது.

அவருடைய இடத்தில் வேறொருவரை உட்கார வைத்து, கப்பலேறுகிறவர்களிடம் சொல்லி பினாங்கில் விசாரித்தார்கள். ஆள் இருந்த தடமே கிடைக்கவில்லை. மறுபடி கூடித் தீர்ப்பு சொன்னார்கள். நான்கு வருஷம் கெடு. அதற்குள் அவர் வராவிட்டால், இத்தா என்கிற காத்திருப்பு மாதங்களை முடித்து எனக்கு விடுதலை.

"நாலு வருஷத்துக்கு மேலயே போயிருச்சுங்களே" என்றேன்.

ஹஜ்ரத்தின் குரல் இறங்கிப்போயிருந்தது. "கெடு இன்னையிலிருந்துதானுங்க, அம்மிணி. காஜி விசாரிச்ச நாள்லருந்துதான் கணக்கு. முன்னால கழிஞ்ச வருஷமெல்லாம் சேராதுங்க. அப்ப காஜி இல்லீங்களே."

நான் துப்பட்டிக்குப் பின்னால் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது அழுகை வந்தது. நின்றபடியே அழுதேன். கழிந்துபோன அந்த வருஷங்களில் நான் எழுந்தேன், வேலை செய்தேன், வண்டிமாட்டுக்காரரின் ஆரோக்கியத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எல்லாம் சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. கெடு முடிந்து, சொன்ன நாளில் என்னை விடுவித்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. அதற்குள் எனக்கு நெற்றி ஓரத்தில் நரைத்திருந்தது.

கெடு வைத்துத் தீர்ப்பு சொன்னதற்கு மறுநாள் காலை, எங்கள் வீட்டுப் பின்புறப் பொடக்காணி வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கீழத்தெருக்காரி, என்னைவிடச் சின்னவள். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு, "ஏனுங்கக்கா, எங்க ஊட்டுக்காரர் ரங்கூனுக்குப் போயி ரொம்ப வருஷமாச்சுங்க. ஹஜ்ரத்துகிட்ட நானும் கேக்கலாமுங்களா?" என்றாள்.

"கேளு. இப்பவே போ" என்றேன்.

"அடுப்புல ஒலை வெச்சிருக்கறேனுங்க. ஆக்கி முடிச்சுட்டுப் போறேனுங்க."

"வேண்டாம். அடுப்பை நான் போய்ப் பாத்துக்கறேன். நீ இப்படியே போ. நீ போய்ச் சொல்ற வரைக்கும் ஒரு நாள்கூடக் கணக்குல வராது."