வாய்மொழித் தேர்வும் வாயில்லாத லேப்டாப்பும்

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருபது வருஷத்துக்கு மேலாக ஆணி, பைப்பு, பெயிண்டு எடுத்துக் கொடுக்கிறவன் நான். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோயிற்று. மிச்சத்தையெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். "கரண்டு கீதான்னு தொட்டுப் பாக்கிறவன் ஒரு தபாதான் பாப்பான் சார்" என்று ஓர் எலக்ட்ரீஷியன் போகிற போக்கில் சொல்வார். நான் அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு கிழித்து எழுதி வைத்துக்கொள்வேன். தபால் வழியில் பி.ஏ. முடித்து, எம்.ஏ. தமிழுக்கு வந்தபோது, அந்த அட்டைத் துண்டுகளைத்தான் ஆய்வேடாக்கிக் கொடுத்தேன்.

எல்லாத் தாளும் தேறிவிட்டேன். பாக்கி இருந்தது வாய்மொழித் தேர்வு. நடுவில் இரண்டு வருஷம் உடம்பு முடியாமல் விட்டதில், படிப்பை முடிக்கவேண்டிய கெடு கழுத்துக்கு வந்திருந்தது. இந்த முறை விட்டால் ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு வாய்ப்பு. அதையும் விட்டால், தேறிய தாள்கள் அத்தனையும் செல்லாது.

வாய்மொழித் தேர்வை வீடியோவில் வைத்தார்கள். விதிமுறைகள் இரண்டு பக்கம் இருந்தன. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கதவை உள்ளே தாழிட்டு அதைக் கேமராவில் காட்ட வேண்டும். போனை அணைத்து வெளியே வைக்க வேண்டும். கேமராவின் பார்வையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. யாருடைய உதவியும் பெறக் கூடாது. கடைசியில் உறுதிமொழி, கையெழுத்து. பேசுவதில் எனக்கு என்ன பயம்? சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தேர்வு. பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னலைச் சாத்தினேன். ஃபேன் கிறீச்சிடும், அது மைக்கில் விழக் கூடாதென்று அதையும் நிறுத்தினேன். சனிக்கிழமையே லேப்டாப்பில் பேசிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்ததால் மறுபடி சோதிக்கத் தோன்றவில்லை.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பேராசிரியர், ஒரு பேராசிரியை. பேராசிரியரின் வாய் அசைந்தது. நான் வணக்கம் சொன்னேன். அவர் மறுபடி வாயசைத்தார். நான் மறுபடி வணக்கம் சொன்னேன். பேராசிரியை தன் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார். அப்போதுதான் கீழே மூலையைப் பார்த்தேன். ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அம்பை அதன்மேல் கொண்டுபோனால், ஒலிக்கருவி எதுவும் பொருத்தப்படவில்லை என்று இங்கிலீஷில் எழுதி வருகிறது.

பொருத்தப்படவில்லையாம்! முந்தாநாள் வரை பேசிய பெட்டி.

சாட்டில் பேராசிரியர் எழுதினார்: "உங்கள் குரல் வரவில்லை. பதினைந்து நிமிடம் தருகிறோம். கேமராவை அணைக்க வேண்டாம்." கேமராவை அணைக்காமல் லேப்டாப்பை அணைத்துப் போடுவது எப்படி? பாம்பும் சாகணும், கம்பும் உடையக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துப் போடுவது. அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

சிவப்புக் குறியின் மேல் வலது பித்தானை அழுத்தினேன். பிரச்சினையைக் கண்டுபிடி என்று ஒன்று இருந்தது. அழுத்தினேன். பச்சைக் கோடு ஓடியது, ஓடியது. கடைசியில், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டது. ஹெட்போனைச் செருகினேன், உருவினேன், மறுபடி செருகினேன். பித்தான்களில் ஸ்பீக்கர் போட்டது ஒவ்வொன்றையும் குத்தினேன். முதுகில் வேர்வை ஓடியது. எழுந்து ஃபேனைப் போடலாம் என்றால் கேமராவை விட்டு நகரக் கூடாது. கேட்காத மைக்குக்காக நிறுத்திய ஃபேனுக்கு அடியில் வெந்துகொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆப்பசைத்த குரங்கைச் சுற்றி நின்று பார்ப்பார்களே, அந்த மாதிரி.

இதில் ஒரு கூத்து, மற்ற சத்தமெல்லாம் நன்றாகக் கேட்டது. தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி. தண்ணி லாரி பின்னால் வரும்போது அடிக்கிற விசில். கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவியும் மாடி வீட்டுப் பெண்ணும் குசுகுசுத்தது ஒரு சொல் விடாமல் கேட்டது.

"இன்னாக்கா, உள்ள ஒரு சத்தத்தையும் காணோம்?"

"அதான் எனக்கும் புரியல. வாய மூடாத மனுஷன்."

"கேள்வி கஷ்டமா பூட்ச்சோ இன்னாவோ."

"வீட்ல என்கிட்ட பேசுறதுல பாதி அங்க பேசினாலே பாஸாகிடுவாரு. ஆண்டவரே, அவர் நாவைக் கட்டவிழ்த்துவிடும்."

என் நாக்கு கட்டாமல்தான் கிடந்தது. அதைப் போய் யாரிடம் சொல்ல?

ஒன்பது நிமிடம் பாக்கி. சாட்டில், "மனைவியிடம் கேட்கக் கதவைத் திறக்கலாமா ஐயா?" என்று எழுதினேன். "விதியில் இடமில்லை" என்று பதில் வந்தது. பேராசிரியையின் முகத்தில் இரக்கம் தெரிந்தது. இரக்கத்துக்கும் விதியில் இடமில்லை போலிருக்கிறது.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. நான் பேசுவது அவர்களுக்குத்தான் கேட்காதே! வாயசைவு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். கட்டிலில் கிடந்த துண்டை எடுத்து வேர்வை துடைக்கிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டு கத்தினேன்.

"ஏம்மா! லேப்டாப்புல சத்தமே வரல!"

வெளியே குசுகுசுப்பு நின்றது.

"என்னங்க, கூப்பிட்டீங்களா?"

"சத்தம் வரல! என்ன பண்ணீங்க இத?"

கதவுக்கு அந்தப் பக்கம் "ஐயோ!" என்று ஒரு குரல்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு வரிகள் டிவியில் வருவதற்காக லேப்டாப்பை ஒயர் போட்டு மாட்டுவார்கள். எல்லாரும் கண்மூடி மௌன ஜெபத்தில் இருக்கும்போது, யாரோ அனுப்பிய மெயிலுக்கெல்லாம் அது டிங் டிங் என்று ஆமென் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கூட்டத்துக்கு வருகிறவர்களில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர் உண்டு. சத்தத்தைக் குறைத்தால் போதாதா? வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர். "இது வாயையே கட்டிடுறேங்க்கா" என்று ஒலிக்கருவியையே முடக்கிவிட்டார். பிறகு ஸ்தோத்திரம், சுண்டல், டீ. அவிழ்த்துவிட எல்லாரும் மறந்துபோனார்கள்.

"டிவைஸ் மேனேஜர்னு ஏதோ ஒண்ணுக்குள்ள போனாங்க! இருங்க, அவங்களுக்கே போன் போடுறேன்!" என்றாள் மனைவி.

நான் துண்டை எடுத்துவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் பாக்கி.

"ஏங்க, ஸ்டார்ட் பொத்தான்ல ரைட்டு கிளிக்காம், அதுல டிவைஸ் மேனேஜராம்!"

அழுத்தினேன்.

"சவுண்டுன்னு ஒரு வரி இருக்காம், அதைத் திறக்கணுமாம்! உள்ள கீழ் நோக்கி ஒரு அம்புக்குறி தெரியுதா?"

தெரிந்தது. துண்டை மறுபடி மூஞ்சியில் போட்டு, "தெரியுது!" என்றேன்.

"அதுல எனேபிள்னு இருக்காம்!"

அழுத்தினேன். சிவப்புக் குறி போயிற்று. அடுத்த நொடி, அறைக்குள் ஓர் ஆண் குரல் கணீரென்று வந்தது.

"...இன்னும் மூன்று நிமிடம். கேட்கிறதா?"

"கேக்குது ஐயா! நல்லா கேக்குது!" எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எப்படிச் சரியானது?"

"கருவியை முடக்கி வச்சிருந்தாங்க ஐயா. திறந்துவிட்டேன்."

அவர் தலையாட்டினார். பேராசிரியைதான் கேட்டார். "அறையில் வேறு யாராவது இருக்காங்களா?"

அறையில் யாரும் இல்லை. இல்லை என்று சொன்னால் அது பொய்யாகாது. அந்தச் சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றதும் உண்மை. ஆனால் ஊரார் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதியிருக்கிறேன் என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே உறுதி கொடுத்தவன் நான். இரண்டு முறை நான் துண்டால் முகத்தை மூடியதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

"அறையில யாரும் இல்லம்மா. கதவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரம்மா இருக்காங்க. துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு அவங்ககிட்டதான் கேட்டேன்."

இரண்டு பேரும் தங்கள் மைக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டார்கள். வாயசைவு மட்டும். இந்தச் சத்தமின்மையை எந்தப் பித்தானை அழுத்தியும் சரிசெய்ய முடியாது. கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, என் எட்டு வருஷப் படிப்பைப் பற்றி இரண்டு உதடுகள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் மைக்கைப் போட்டார். "நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நடத்தியிருப்போம். சொல்லிவிட்டீர்கள். தெரிந்தும் நடத்த முடியாது. அடுத்த அமர்வுக்கு நேரில் வாருங்கள்." அவர் போய்விட்டார். அவருடைய கட்டம் கறுப்பாயிற்று.

பேராசிரியை மட்டும் போகவில்லை. "இதுக்கு மார்க் கிடையாது. எனக்காகத்தான் கேக்கறேன். 'ஆணி வளைஞ்சா தட்டி நிமுத்தலாம், சுத்தியே ஆடுனா இன்னாத்த தட்டுறது'ன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்களே, அது யார் சொன்னது?"

ஒரு தச்சர் என்றேன். மேஸ்திரி கூலியைப் பிடித்துவிட்ட ஒரு சாயங்காலம், கடை வாசலில் நின்று யாரையும் பார்க்காமல் சொன்னது. சொன்னபோது அவர் கையில் புதுச் சுத்தி இருந்தது, வாங்காமல் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவர் முகத்தைச் சொன்னேன், குரலைச் சொன்னேன். கால் மணி நேரம் போயிருக்கும். பேராசிரியை குறிப்பெடுத்தாரா தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்ததும் மனைவி, "பாஸா?" என்றாள்.

சொன்னேன். மாடி வீட்டுப் பெண் நெஞ்சில் கைவைத்து, "யாரும் இல்லன்னு சொல்லிட்டா மேட்டர் முடிஞ்சிருக்குமே சார்!" என்றாள்.

மனைவி அவளை முறைத்தாள். பிறகு என்னை முறைத்தாள். "ஜெபம் பண்றவ நான், பொய் சொல்லுங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க கேட்டது அறைக்குள்ளதானே? அறைக்கு வெளிய இருக்கறவள நீங்க ஏன் உள்ள இழுத்தீங்க?" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எல்லாம் தன்னால்தான் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது தேதி வந்திருக்கிறது. கடைசி வாய்ப்பு, நேரில். துணைக்கு வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உள்ள வர மாட்டேன், கதவுக்கு வெளிய நிக்கறேன்" என்கிறாள். தேர்வரின் துணைக்கு வருகிறவர் கதவிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று, அந்த இரண்டு பக்க விதிமுறைகளையும் மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.