கல்யாணப் பந்தலை இருட்டாக்கிய கார்

என் வீட்டுக்காரர் இறந்தபின் அவருடைய கரண்ட் காரை இன்றுதான் தனியாகக் காரைக்குடிக்கு ஓட்டிப் போனேன். அங்கே சார்ஜ் போடும் மெஷின் ரிப்பேர்.

இருட்டியபின் தேவகோட்டைக்குத் திரும்பும்போது அரியக்குடியில் சார்ஜ் தீரப்போவதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் இருந்ததோ பந்தல் போட்ட கல்யாண வீடு. கல்யாணப் பெண்ணின் அம்மா வாசலில் நின்றாள். காருக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தாராளமா போடுங்கக்கா. ஏன் வெளியிலயே நிக்கிறீக?"

"இந்தக் காரை வச்சிருந்த வீட்டுக்காரவுக போயி இன்னும் வருசம் திரும்பல தாயி. நல்லது நடக்குற வீட்டுக்குள்ள நான் வரக்கூடாது."

"காரும் அவுகளோடதுதானே? அது வரலாம், நீங்க வரக்கூடாதா?"

கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

வயரைச் சொருகினேன். பந்தல் முழுக்க இருட்டானது. எனக்கு உயிரே போய்விட்டது.

அவளோ சிரித்தாள். "சீரியல் லைட்டும் காரும் ஒரே லைன்ல இழுத்தா பீஸ் போகத்தான் செய்யும். கல்யாணம் நாளைக்குத்தானே? இப்ப காரு குடிக்கட்டும்."

சீரியல் லைட்டை எடுத்துவிட்டு, பீஸ் போட்டு, எனக்கு இலையும் போட்டார்கள்.

நல்லபடியாக வீடு வந்துவிட்டேன். நாளைக்கும் கட்டாயம் வர வேண்டுமாம். போகத்தான் போகிறேன், வீட்டிலேயே முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு. தாலி கட்டும் நேரத்தில் பீஸ் போனால் நன்றாகவா இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.